ஆழ்கடல் நத்தையும் தமிழ் விவரண உரைநடையும்

புதிதாகக் கண்டறியப்பட்ட விலங்கு ஒன்றுக்குப் பெயர் சூட்டுவோர் கைக்கொள்ள வேண்டிய நெறிகளை விலங்கியற் பெயரீட்டுக்கான சர்வதேச விதிக்கோவை வகுத்துரைக்கின்றது. அவ்விதிகளுள் ஒன்று இலக்கிய மாணவரின் கவனத்துக்கு உரியது. 1930ஆம் ஆண்டுக்குப் பின் வெளியிடப்படும் பெயர் செல்லுபடியாக வேண்டுமாயின், அவ்விலங்கைப் பிறவற்றினின்று வேறுபடுத்தும் பண்புகள் சொற்களிலே கூறப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அவ்விதியின் சாரம். ஒளிப்படம் எவ்வளவு தெளிவாக இருப்பினும் அது தனித்துப் போதாது. விலங்கு புட்டியிலே கிடக்கலாம். அதன் உருவத்தை உலகம் முழுவதும் கண்டு வியந்திருக்கலாம். ஆயினும் விவரணம் எழுதப்படும்வரை அறிவியலின் கண்ணில் அது பெயரற்ற பொருளே.

இன்னுமொன்று. அச்சொற்கள் எந்த மொழியைச் சேர்ந்தனவாக இருத்தல் வேண்டுமென்று விதிக்கோவை கட்டளையிடவில்லை. தாவரவியலார் 2011ஆம் ஆண்டின் இறுதிவரை இலத்தீன் விவரணத்தை வற்புறுத்தி வந்தனர். விலங்கியலாரோ, பரவலாக வழங்கும் மொழிகளில் எழுதுதல் நன்று எனப் பரிந்துரைப்பதோடு நின்றுவிட்டனர். பெயர் மாத்திரம் இலத்தீன் எழுத்துக்களில் அமைதல் வேண்டும். ஆகவே, ஓர் ஆழ்கடல் நத்தையைத் தமிழில் விவரித்து, முறைப்படி வெளியிட்டுப் பெயரிட்டால் அப்பெயர் செல்லும். விதி தடுக்காத ஒன்றை நமது உரைநடை தடுக்கின்றதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. நத்தை விவரணத்தை ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு திறனாய்வு செய்வது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் சொல்லின் செப்பத்தில் ஒரு பொருளின் இருப்பே தங்கியிருக்கும் எழுத்துவகை இதனைப்போல் வேறொன்று இருத்தல் அரிது.

இவ்வினா கல்முனைக் கரையிலிருந்து எழுப்பப்படுவதற்குக் காரணம் உண்டு. இலங்கையைச் சூழ்ந்த கண்டமேடை ஒடுங்கியது. அதன் சராசரி அகலம் 20 கிலோமீற்றர் அளவினதே. அதனைக் கடந்ததும் கடலடி சரிந்து, வங்காள விரிகுடாவின் 3,000 மீற்றருக்கு மேற்பட்ட ஆழங்களுக்கு இறங்குகின்றது. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் முதலாய ஊர்களின் மீனவர்க்கு ஆழ்கடல் தொலைதேசமன்று. எனினும், ‘ஆழ்கடல்’ என்று பலநாட் கலங்களிற் செல்வோர் வழங்குவது கரை கண்ணுக்கு மறைந்த கடலின் மேல்நீரையே. சூரைமீன் ஓடும் நீர் அது. அதன் அடிப்படுக்கைக்கு அவர்களிடம் பெயரில்லை. வலையும் தூண்டிலும் செல்லாத இடத்துக்குப் பெயர் வேண்டியதில்லை. நத்தையினத்துக்கு இக்கரையில் வழங்கும் சொற்களும் அவ்வாறே கைக்கெட்டிய தூரத்தோடு முடிகின்றன. சோகி, ஊரி, சங்கு, நத்தை என்பன கரையிற் பொறுக்கப்பட்டவை, களப்பில் அள்ளப்பட்டவை, சுண்ணாம்புக்குச் சுடப்பட்டவை, சிறுவர் விளையாடியவை. பயன்பாட்டினின்று பிறந்த இச்சொற்கள் வளமானவை. ஆனால், பயனேதும் அறியப்படாத ஓர் உயிரைச் சொல்லாற் பிடிக்க வேண்டிய தேவை அவற்றுக்கு ஏற்பட்டதில்லை.

தேவை ஏற்பட்ட இடத்தில் நமது முன்னோர் கூர்ந்து நோக்கியே உள்ளனர். சங்கு அதற்குச் சான்று. சுருளின் திசையைக் கொண்டு வலம்புரி, இடம்புரி எனப் பிரித்தது உண்மையான வகைப்பாட்டு நோக்கு. 1767இல் இவ்விலங்கிற்கு இனப்பெயர் இட்ட லின்னேயசு அதன் உருவத்திற் பேரிக்காயைக் கண்டு ‘பைரம்’ என்றார். பழத்தை நினைத்த அவரைவிடத் திசையை நோக்கிய தமிழர் நுண்மையாகப் பார்த்தனர் என்று சொல்ல மனம் எழுகின்றது. ஆயினும் அங்கேயே ஒரு சிக்கல் உண்டு. நாம் வலம்புரி என்று போற்றும் அரிய சங்கு விலங்கியலாருக்கு இடஞ்சுழி. நாம் இடம்புரி எனத் தள்ளும் சாதாரண சங்கு அவர்களுக்கு வலஞ்சுழி. இரு திறத்தாரும் தவறியவரல்லர். விலங்கியலார் ஓட்டின் கூர்முனையை மேலே நிறுத்தி, வாயைத் தம்மை நோக்கித் திருப்பி வைத்துப் பார்க்கின்றனர். சங்கை ஊதவும் நீர் வார்க்கவும் பிடிப்போர் அவ்வாறு பிடிப்பதில்லை. ஒரு பொருளை எந்நிலையில் நிறுத்தி நோக்குவது என்பதை முதலில் உடன்பட்டுக்கொள்ளாதவிடத்துச் சொற்கள் நேரெதிராகிவிடும். விவரண உரைநடையின் முதலாவது பாடம் இதுவே.

இவ்விடத்துத் தொல்காப்பிய மரபியலை நினைவூட்டாது விடின் தமிழ்ச் சங்க மலரின் வாசகர் பொறுக்கமாட்டார். உயிர்களை அறிவின் எண்ணிக்கை கொண்டு பகுத்த அந்நூல் நந்தினையும் முரளினையும் ஈரறிவுயிர்களாக வைத்தது. ஊறும் சுவையும் மாத்திரம் உடையன என்பது கருத்து. கண்ணற்ற ஆழ்கடல் நத்தைகள் சிலவற்றை எண்ணும்போது அப்பகுப்பு பொருந்துவதுபோலத் தோன்றும். தோட்டத்து நத்தை தன் கொம்பு நுனியிற் கண்ணை வைத்துக்கொண்டு அதனை மறுக்கும். ‘அன்றே நாம் அறிந்திருந்தோம்’ என்று முழங்கும் கட்டுரைகள் நம்மிடையே பெருகிவிட்டன. அவை தொல்காப்பியருக்கும் நீதி செய்வதில்லை. விலங்கியலுக்கும் நீதி செய்வதில்லை. மரபியலின் பகுப்பு உயிர்த்தொகுதி முழுவதையும் ஒரே ஒழுங்கில் அடுக்க முயன்ற சிந்தனை. ஒரு நத்தையை இன்னொரு நத்தையினின்று பிரித்தறியும் நோக்கம் அதற்கு இருக்கவில்லை.

ஆழ்கடல் நத்தைகளை விவரிக்கும் எழுத்து உருப்பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த ‘சலெஞ்சர்’ என்ற பிரித்தானியக் கப்பல் சேர்த்த நத்தைகளை விவரிக்கும் பணி ரொபேர்ட் பூக் வாற்சன் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரது பெருநூல் 1886இல் வெளிவந்தது. அதனை வாசிப்பவர் முதலிற் சலிப்படைவர். சற்றுப் பழகியதும் அதன் தாளத்தை உணர்வர். ஒவ்வோர் ஓட்டுக்கும் ஒரே ஒழுங்கு: செதுக்கலமைப்பு, நெடுங்கோடுகள், சுற்றுக்கோடுகள், நிறம், கோபுரம், முனை, சுருள்கள், பொருத்து, வாய், வெளியுதடு, உள்ளுதடு. எந்த இனத்துக்கும் இவ்வொழுங்கு பிறழாது. பெரும்பாலும் வெறும் ஓடே கையிலிருந்ததால் உள்ளிருந்த உயிரைப்பற்றி அவர் கூறக்கூடியது சிறிதே.

இவ்வொழுங்கைக் காணும் தமிழ் மாணவருக்குக் கேசாதிபாதமும் பாதாதிகேசமும் நினைவுக்கு வருதல் இயல்பு. உறுப்புக்களை வரிசை தவறாது முடி முதல் அடி வரை சொல்லிச் செல்லும் மரபு நமது சிற்றிலக்கியங்களிலும் காப்பியங்களிலும் வேரூன்றியது. ஆயினும் இவ்விரு மரபுகளும் ஒரே பாதையில் நடந்து எதிர்த்திசைகளில் முடிகின்றன. நமது வருணனையிற் கண் எப்போதும் கயல். இடை எப்போதும் கொடி. நூறு தலைவியரைக் கேசாதிபாதமாகப் பாடினால் நூறு பேரும் ஒருத்தியாகிவிடுவர். உவமை அங்கே ஒருத்தியை இலட்சிய வடிவோடு ஒன்றாக்குகின்றது. வாற்சனுடைய வரிசையோ இரண்டு ஓடுகளை ஒன்றாக விடமாட்டாது. ஒன்றின் பொருத்து ஆழமானது, மற்றதன் பொருத்து மேலோட்டமானது என்று கூறும்போது இரண்டும் பிரிந்துவிடுகின்றன. வருணனைக்கும் விவரணத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவென்று துணிந்து கூறலாம். நவீனத் தமிழ் உரைநடை முன்னதை மரபுச்செல்வமாகப் பெற்றது. பின்னதைத் தேடிப் பெறவேண்டிய நிலையில் உள்ளது.

உவமை விவரணத்திலும் உண்டு என்பதை மறத்தலாகாது. நத்தைகளின் இலத்தீன் சாதிப்பெயர்களிற் பல கைத்தொழிற் சொற்களே. ‘தேர்போ’ என்றாற் பம்பரம். ‘பூசசு’ என்றால் நூல் நூற்கும் கதிர். கதிர், நாடா, பம்பரம் என்பவற்றின் வடிவை மருதமுனையின் கைத்தறி வீடுகளிற் பிறந்த பிள்ளைக்கு விளக்கவேண்டியதில்லை. இருபுறமும் ஒடுங்கி நடுவில் தடித்த ஓட்டைக் ‘கதிர்வடிவம்’ என்றால் அப்பிள்ளை உடனே அறியும். அகராதி பார்த்து அமைத்த நெடுந்தொடரை அப்பிள்ளை மனனம் செய்யும், அறியாது. விவரணத்துக்கு வேண்டிய வடிவச்சொற்கள் பட்டறைகளிலும் தறிக்குழிகளிலும் கிடக்கின்றன.

சலெஞ்சர் கப்பல் வட இந்துமாக்கடலுட் புகவில்லை. நன்னம்பிக்கை முனையிலிருந்து தென்கடல் வழியாக மெல்பேணுக்குச் சென்றது. நமது கடலின் ஆழத்தைத் துழாவியது ‘இன்வெஸ்டிகேற்றர்’ என்னும் இந்தியக் கடலளவைக் கப்பல். 1888 முதல் 1892 வரை அதன் மருத்துவ இயற்கையியலாளராக இருந்த அல்பிரட் அல்கொக் எழுதி 1902இல் வெளியிட்ட பயணநூல் இன்றும் சுவை குன்றாதது. அக்கப்பல் வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் வாரியெடுத்த நத்தைகளையும் சிப்பிகளையும் இலண்டனில் இருந்துகொண்டு விவரித்தவர் பிரித்தானிய நூதனசாலையின் எட்கார் சிமித். 1894 முதலாகப் பல கட்டுரைகளில் அவற்றுக்குப் பெயரிட்டார். எமது கரைக்கு அப்பாலுள்ள கடலின் அடியிலே வாழும் உயிர்கள் இவ்வாறு தேம்சு நதிக்கரையிற் பெயர்பெற்றன. இதனைக் குடியேற்றவாதத்தின் கொள்ளை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. அக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆயினும் அதனோடு நின்றுவிடும் திறனாய்வு சிமித்தின் வாக்கியங்களை வாசிக்காத திறனாய்வாகும். கப்பலிற் செல்லாத ஒருவர், ஓட்டை மாத்திரம் கண்டு எழுதிய வரிகளைக் கொண்டு நூறாண்டின் பின்னும் அவ்வினத்தை இனங்காண முடிகின்றது என்றால் அவ்வுரைநடையிற் கற்கவேண்டியது உண்டு.

இனி, நமது காலத்தின் விவரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்துமாக்கடலின் நடுவே, கடலடி மலைத்தொடரில், ஏறத்தாழ 2,400 மீற்றர் ஆழத்திற் ‘கைரெய்’ என்ற வெந்நீர்த் துவாரத் தொகுதி உண்டு. 300 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமுடைய நீர் கனிப்பொருட்களைக் கரைத்துக்கொண்டு பாறைப் புகைபோக்கிகளினூடாகப் பீறிடும் இடம் அது. 2001இல் அங்கு சென்ற அமெரிக்க ஆய்வுக்குழு, பாதத்தின் பக்கமெங்கும் செதில் போர்த்த நத்தை ஒன்றைக் கண்டது. செதில்களிலும் ஓட்டின் வெளிப்படையிலும் இரும்புச் சல்பைட்டுப் படிந்திருந்தது. 2003இல் ‘சயன்ஸ்’ இதழில் அண்டர்ஸ் வாறனும் பிறரும் செய்தி வெளியிட்டனர். உலகப் பத்திரிகைகள் வியந்தன. இரும்புக் கவசம் பூண்ட நத்தை என்றும் எரிமலை நத்தை என்றும் பெயர்கள் பரவின. எரிமலைக் குழம்பில் அது வாழ்வதில்லை. பீறிடும் கொதிநீருக்குள்ளும் வாழ்வதில்லை. துவாரத்தின் அயலிலே குளிர்நீரோடு கலந்து தணிந்த நீரில் வாழ்கின்றது. வியப்பின் வேகத்தில் இத்தகைய நுணுக்கங்களே முதலில் உதிர்ந்துபோகும்.

வியப்பு பரவிய அளவுக்கு விவரணம் விரையவில்லை. ‘கிரைசோமல்லன் சுக்குவாமிபெரம்’ என்ற பெயர் முறையான விவரணமின்றி ஆங்காங்கு வழங்கியது; விதிக்கோவையின் மொழியில் அது ‘வெறும் பெயர்’. சொங் சென், கற்றின் லின்சே, ஜொன் கொப்லி, அலெக்ஸ் றொஜேர்ஸ் ஆகிய நால்வரும் 2015இல் எழுதிய விவரணத்தின் பின்னரே அது செல்லும் பெயராயிற்று. பதினான்கு ஆண்டுகள்! பொன்மயிர் என்ற பொருளில் சாதிப்பெயர்; செதில் தாங்கி என்ற பொருளில் இனப்பெயர்.

இவ்விவரணத்தைத் திறனாய்வு நோக்கில் வாசிக்கும்போது மனத்தை ஈர்ப்பது ஆசிரியர்களின் அடக்கம். தென்மேல் இந்துமாக்கடல் மலைத்தொடரின் ‘லொங்கி’ தொகுதியிலிருந்து 2011இற் பெறப்பட்ட மாதிரிகளே அதற்கு அடிப்படை. இதற்கிடையில், 2009இற் கண்டறியப்பட்ட ‘சொலிற்றெயர்’ என்ற மூன்றாவது தொகுதியில் வெண்ணிற நத்தைகள் கிடைத்தன. அவற்றுக்கும் செதில் உண்டு. செதிலில் இரும்பு இல்லை. உடலமைப்பும் பரம்பரையலகுச் சான்றும் அவை வேறினம் அல்ல என்று காட்டின. இதன் விளைவு சிந்திக்கத்தக்கது. எந்த இரும்புக்காக உலகம் இந்நத்தையைக் கொண்டாடியதோ அந்த இரும்பை இதன் இலக்கணமாகச் சொல்ல முடியாது போயிற்று. நமது தருக்க நூலார் இலக்கணத்துக்கு வகுத்த மூன்று குற்றங்களுள் அவ்வியாத்தி என்பது, இலக்கியம் முழுவதிலும் இலக்கணம் பரவாமை. ‘இரும்புடையது இந்நத்தை’ என்று வரையறுப்பது தெளிவான அவ்வியாத்தி. இரும்பு வாழிடத்தின் நீர் தந்தது. செதில் உயிரின் உடல் தந்தது. பத்திரிகைகள் முன்னதைப் பிடித்தன, விவரணம் பின்னதைப் பிடித்தது. எனினும் சாதிப்பெயரில் பொன் ஒளிர்கின்றதே என்று வினவலாம். பெயர் இலக்கணமன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைக்காது. கறுப்பு நிறத்தவனுக்கு வெள்ளையன் என்று பெயரிருப்பதை நாம் அறிவோம்.

விவரணத்தோடு மூலமாதிரி ஒன்றும் நூதனசாலையில் வைக்கப்படுதல் மரபு. 1999ஆம் ஆண்டின் பின் புதிய இனங்களுக்கு மாதிரியைச் சுட்டுதல் கட்டாயம். இதனை ஏட்டுச்சுவடிப் பதிப்பாளர் எளிதில் விளங்கிக்கொள்வர். சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பாடபேதங்களுக்கு நடுவே எந்த ஏட்டைச் சார்ந்து நிற்பதென்று மயங்கிய மயக்கத்துக்கு விலங்கியலார் ஒரு தீர்வு கண்டனர்: சொல்லில் ஐயம் எழும்போது மாதிரியிடம் திரும்புக. எனவே விவரணம் எப்போதும் திருத்தத்துக்கு உட்பட்ட உரை, மாதிரியே மூலபாடம். உரையாசிரியன் மூலத்தினும் தன்னை உயர்த்தாமை இவ்வெழுத்து வகையின் அறமாக அமைந்துவிட்டது. நமது இலக்கியத் திறனாய்வில் அவ்வறம் எந்த அளவு பேணப்படுகின்றது என்பது வேறு கட்டுரைக்குரிய பொருள்.

அந்நத்தையைத் தமிழில் விவரித்தால் எப்படியிருக்கும்? அறியப்பட்ட பண்புகளைக் கொண்டு ஒரு சிறு மாதிரி வருமாறு அமையலாம்.

ஓடு உருண்டை வடிவினது, சுருள்கள் மூன்று, கோபுரம் தாழ்ந்து அமுங்கியது, முதிர்ந்தவற்றின் முனை அரிக்கப்பட்டது. மேற்பரப்பில் வரிமேடுகளும் நுண்ணிய வளர்ச்சிக் கோடுகளும் உள. வாய் நீள்வட்டமானது. பாதம் பெரிது, செந்நிறமானது, ஓட்டினுள் முற்றாக ஒடுங்காதது. பாதத்தின் பக்கங்கள் கூரையோடுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களால் மூடப்பட்டவை. செதிலின் நீளம் 8 மில்லிமீற்றர் வரை. பரிசக்கொம்புகள் இரண்டு, வழுவழுப்பானவை, நுனிநோக்கி ஒடுங்கியவை. கண் இல்லை. களச்சுரப்பி மிகப் பெரிது; உணவளிக்கும் பற்றீரியாக்கள் அதனுள் வாழ்வன. இருபாலும் ஓருடலில் அமைந்தது. ஓட்டின் பேரகலம் ஏறத்தாழ 45 மில்லிமீற்றர்.

இப்பந்தியில் வினைத்திரிபு பெரும்பாலும் இல்லை. பெரிது, உள, இல்லை, இரண்டு, வடிவினது என்று பெயர்ப்பயனிலையும் குறிப்புவினைமுற்றுமே வாக்கியத்தை முடிக்கின்றன. ஆங்கில விவரணத்தில் வினைச்சொல்லை விடுவது தந்திமொழிபோன்ற ஒரு சுருக்கம். தமிழில் அது இலக்கண வழுவற்ற இயல்பான வாக்கியம். சூத்திரம் எழுதிப் பழகிய மொழிக்கு இந்நடை புதிதன்று. அவ்வாறிருக்க, நமது அறிவியற் பாடநூல்களில் ‘கண் காணப்படுவதில்லை’ என்றும் ‘பெரிதாக அமைந்து காணப்படுகின்றது’ என்றும் வாக்கியங்கள் வீங்கியிருப்பதேன்? ஆங்கில வாக்கியத்தின் செயப்பாட்டு வினையைப் பிரதிசெய்ததன் விளைவு அது. யார் காண்கிறார் என்று கேட்டால் விடையில்லை. மிகைபடக் கூறல் என நன்னூலார் விலக்கிய குற்றம் அறிவியல் என்ற பெயரிற் பாடசாலைக்குள் நுழைந்துவிட்டது.

தமிழில் அறிவியலை எழுத இயலாமைக்குக் கலைச்சொற் பஞ்சமே காரணமென்று பலர் கூறுவர். இக்கூற்றை ஏற்பதற்கில்லை. கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடைப்பட்ட காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1936இற் சென்னையில் நிகழ்ந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் ‘கலைச்சொற்கள்’ என்ற தொகுதி 1938இல் வெளிவந்தது. அதன்பின் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இன்று நம்மிடமுள்ள குறை சொற்கள் குறைந்திருப்பதன்று. ஒரே பொருளுக்குச் சொற்கள் பிளந்திருப்பதே. இலங்கை மாணவன் ‘சாதி, இனம்’ என்று எழுதுமிடத்துத் தமிழக மாணவன் ‘பேரினம், சிற்றினம்’ என்று எழுதுகின்றான். ஒருவனுடைய ‘இனம்’ மற்றவனுக்கு எப்படியை உணர்த்தும் என்பது ஐயம். அத்துடன் ‘சாதி’ என்னும் சொல் நமது சமூகத்திற் சுமக்கும் பாரத்தை நத்தையின் முதுகிலும் ஏற்ற வேண்டுமா என்ற கேள்வியும் உண்டு. பேரினம் என்பதே எனக்கு உவப்பானது, இக்கட்டுரையில் ஈழத்து வழக்கைப் பின்பற்றியபோதிலும்.

பெயரை இலத்தீன் எழுத்தில் எழுதவேண்டும் என்ற விதியைத் தமிழுக்கு நேர்ந்த இழுக்காகக் கருதுவோரும் உளர். அம்பாறைக் கரையின் முஸ்லிம் ஊர்களில் இவ்வெண்ணம் எழ நியாயமில்லை. அறபுத்தமிழ் என்ற பெயரில் நமது மூதாதையர் தமிழை அறபு எழுத்துக்களில் எழுதினர். அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு எழுத்துக்களிற் புள்ளியும் குறியும் சேர்த்துக்கொண்டனர். எழுத்து மாறியதால் மொழி அழியவில்லை. பெண்களும் ஆண்களும் அவ்வெழுத்தில் தமிழையே ஓதினர். எழுத்து வேறு, மொழி வேறு என்ற உணர்வு இக்கரையின் பழக்கத்தில் ஊறியது. 2012இல் இலங்கை ஆய்வாளர் சிறு நன்னீர் மீன்களுக்குப் ‘பெத்தியா’ என்ற சிங்களச் சொல்லையே சாதிப்பெயராக வைத்தனர். அது இலத்தீன் எழுத்தில் உலகெங்கும் வழங்குகின்றது. ஊரி என்பதோ நந்து என்பதோ அவ்வாறு செல்வதற்கு விதியில் எந்தத் தடையுமில்லை.

ஒரு தடை உண்மையிலேயே உண்டு. அது தமிழுக்கு மாத்திரம் உரியதன்று. இந்துமாக்கடலின் வெந்நீர்த் துவாரங்களில் வாழும் மற்றொரு நத்தைக்கு ‘அல்வினிகொங்கா மரிசிந்திகா’ என்று பெயர். இந்தியக் கடலினது என்பது பொருள். அதன் உறவினங்கள் பசிபிக்கில் உள. அவற்றின் ஓடுகள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தவை. அவற்றைப் பிரித்தது பரம்பரையலகுகளின் வரிசை. அவ்வினங்களுள் ஒன்றுக்கு ஜோ ஸ்ட்ரம்மர் என்ற ஆங்கிலேயப் பாடகரின் பெயரை இட்டுள்ளனர். ஓட்டிலும் உடலிலும் வேறுபாட்டைக் காட்டமுடியாதவிடத்துச் சொற்களிலே கூறுக என்ற விதி மெலிந்துவிடுகின்றது. இரசாயன எழுத்துக்களின் வரிசையே விவரணமாகின்றது. அது துல்லியமானது, அதனை யாரும் மனக்கண்ணிற் காணமுடியாது. பாடகரின் பெயரை இடுவதைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் பண்பைச் சொல்லும் பெயர் குறைந்து பாராட்டுப் பெயர் பெருகுவது, விவரிப்பவர் கண்ணாற் காண்பதற்கு ஒன்றும் எஞ்சாமையின் அறிகுறியோ என்று ஐயுறத் தோன்றுகின்றது.

விவரணம் தாமதமாவதன் விலை என்ன என்பதற்கும் செதிற்பாத நத்தையே விடை கூறுகின்றது. 2019இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் அதனை அழிவாபத்துள்ள இனமாகச் செம்பட்டியலிற் சேர்த்தது. ஆழ்கடற் சுரங்கத் தொழிலின் அச்சுறுத்தலைக் காரணமாகக் கொண்டு அப்பட்டியலில் ஏறிய முதல் இனம் அது. அவ்வேளை அறியப்பட்டிருந்த மூன்று வாழிடங்களும் சேர்ந்து 0.02 சதுர கிலோமீற்றர் அளவினவே. கைரெய் ஜேர்மனியின் கனிய ஆய்வு உடன்படிக்கைக்கும் லொங்கி சீனாவின் உடன்படிக்கைக்கும் உட்பட்ட பகுதிகளில் அமைந்தவை. சொலிற்றெயர் மொரீசியசின் கடலெல்லைக்குள் உள்ளது. 2001இல் கண்ட நத்தையை 2015க்கு முன் பட்டியலில் ஏற்றியிருத்தல் எளிதன்று. பெயரற்றதை எந்தப் பட்டியலில் எழுதுவது? 2021இல் வெந்நீர்த் துவாரங்களுக்கே உரிய 184 மெல்லுடலி இனங்களை ஆராய்ந்தபோது 62 வீதமானவை அச்சுறுத்தலுக்கு உட்பட்டவை எனக் கணிக்கப்பட்டன. அக்கணக்கு விவரிக்கப்பட்டவற்றின் கணக்கு.

நமது திசையிலும் கடற்படுக்கை விலைபேசப்படுகின்றது. இலங்கைக்குத் தெற்கே இந்துமாக்கடலில் அபனாசி நிக்கித்தின் என்ற கடலடி மலை உண்டு. அதன் பாறைமேற் படிந்த கோபாற்று செறிந்த படைகளை ஆராயும் உரிமையைக் கோரி 2024 ஜனவரியில் இந்தியா சர்வதேசக் கடற்படுக்கை அதிகாரசபைக்கு விண்ணப்பித்தது. அம்மலை, 2009இல் இலங்கை முன்வைத்த நீடித்த கண்டமேடைக் கோரிக்கையின் எல்லைக்குள் வருவதாகும். இரு நாடுகளின் வழக்கும் கோபாற்றைப் பற்றியது. அகழ்வுக்கு முன் அங்கு வாழும் உயிர்களின் அடிப்படைக் கணக்கெடுப்பு நிகழ வேண்டும். அக்கணக்கில் இடம்பெறும் ஒவ்வொரு நத்தைக்கும் கோபுரம் தாழ்ந்ததா உயர்ந்ததா, பொருத்து ஆழமானதா, பாதத்திற் செதில் உண்டா இல்லையா என்று எவரோ ஒருவர் சொற்களிலே எழுதியாக வேண்டும்.